இரண்டு ஃபிலிமில் ஒரே தண்ணீர்

கக்கத்தில் பெரிய கவர் ஒன்றை இடுக்கிக்கொண்டு டெய்லர் அண்ணன் டீக்கடைக்கு வந்தபோது காலை ஆறரை இருக்கும். ஒரு கையை முதுகில் கொடுத்து மெல்ல பெஞ்சில் உட்கார்ந்தார். முப்பது வருஷத் தையல் மெஷின் அந்த முதுகில் இருக்கிறது.

“தம்பி, இந்த வெள்ளைப் புள்ளியப் பாரு. இதப் பாத்ததுலேருந்து தூக்கம் இல்லப்பா.”

ஃபிலிமை எடுத்து வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். இடுப்புப் பகுதி முதுகெலும்பு, பக்கவாட்டுத் தோற்றம். இடுப்புப் பகுதியின் இரண்டாவது முள்ளெலும்புக்குள் புளியங்கொட்டை அளவில் ஒரு வெளுப்பு. ரிப்போர்ட்டில் அதற்கு ‘ஹீமாஞ்சியோமா’ என்று பெயர் எழுதியிருந்தது. ‘ஓமா’ என்று முடிந்தால் புற்றுநோய்தான் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். டாக்டரைக் கேட்டதற்கு, “அது ஒண்ணும் இல்ல, விட்டுருங்க” என்றாராம். ஒன்றும் இல்லாததற்கு எதற்குப் பெயர் என்பது அண்ணனின் கேள்வி. நியாயமான கேள்வி.

நான் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன். 22 வருஷ அனுபவம். நோய் சொல்வது ரேடியாலஜி டாக்டரின் வேலை, அவர் எழுதிவிட்டார். ஆனால் படத்தில் எது ஏன் வெள்ளை, எது ஏன் கறுப்பு என்பதை என்னால் சொல்ல முடியும். அதைச் சொல்லாமலே கவரைக் கையில் கொடுத்து ஜனங்களை அனுப்பிவிடுகிறோமே என்ற உறுத்தல் எனக்கு ரொம்ப நாளாக உண்டு. இரண்டு டீ சொன்னேன்.

முதலில் எக்ஸ்ரேயை மறந்துவிட வேண்டும். எக்ஸ்ரே ஒரு நிழல். எலும்பு கதிரைத் தடுக்கிறது, அந்த இடம் வெள்ளையாக விழுகிறது. அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வெள்ளை என்றால் கெட்டியான பொருள் என்று தோன்றும். அண்ணன் கையிலிருந்த ஃபிலிமில் எலும்பின் கெட்டியான மேலோடு கன்னங்கரேலென்று ஒரு கோடாகத்தான் தெரிந்தது. எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. உடம்புக்கு உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் பேசுகிறது, மெஷின் கேட்கிறது. பேச்சு வந்த இடம் வெள்ளை, வராத இடம் கறுப்பு.

நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு ஹைட்ரஜன். கொழுப்பிலும் நிறைய ஹைட்ரஜன். கடுகைவிடச் சின்னதாக, ஒரு கன மில்லிமீட்டர் தண்ணீரை எடுத்துக்கொண்டால், அதில் 6-க்குப் பின்னால் 19 சைபர் போட்டால் வரும் எண்ணிக்கையைவிட அதிகமான ஹைட்ரஜன் கருக்கள் உண்டு. ஒவ்வொரு கருவும் தனக்குத்தானே சுழலும் குட்டிக் காந்தம். பம்பரம் என்று வைத்துக்கொள்ளலாம். இயற்பியல் படித்தவர்கள் இதை வேறு கணக்கில் சொல்வார்கள், ஆனால் இன்று நாங்கள் பேசியதற்குப் பம்பரம் போதும்.

சாதாரணமாக இந்தக் காந்தங்கள் ஆளுக்கொரு திசை பார்த்துக் கிடக்கும். ஸ்கேன் மெஷினின் குழாய்க்குள் படுத்ததும் நிலைமை மாறுகிறது. எங்கள் மெஷின் 1.5 டெஸ்லா. நம் ஊரில் திசைகாட்டி முள்ளைத் திருப்பும் பூமியின் காந்தப்புலத்தைப்போல 35,000 மடங்குக்கும் மேல். நியோபியம்-டைட்டானியம் கம்பிச் சுருளை மைனஸ் 269 டிகிரி திரவ ஹீலியத்தில் ஊறவைத்தால் அந்தக் கம்பிக்கு மின்தடையே இல்லாமல் போகும். ஒருமுறை மின்சாரத்தைச் செலுத்திவிட்டால் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஊரில் கரண்ட் போனாலும் காந்தம் போகாது. ராத்திரி ஆளில்லாத நேரத்திலும் அது காந்தம்தான். அதனால்தான் ஊக்கு, ஹேர்பின், சாவிக்கொத்து என்று ஒன்று விடாமல் வாசலிலேயே வாங்கி வைக்கிறோம். ஆக்சிஜன் சிலிண்டர்கூட இழுபட்டுப் பறந்துவிடும்.

தாலியைக் கழற்றச் சொல்வதுதான் எங்களுக்கு மிகவும் சங்கடமான வேலை. தங்கத்தையும் வெள்ளியையும் காந்தம் இழுக்காது. ஆனால் கொக்கியில் இரும்பு கலந்திருக்கலாம், மெஷின் ஓடும்போது உலோகம் சூடாகலாம், பக்கத்தில் படமும் கெட்டுப்போகும். மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டைக் கட்டிக்கொண்டு வரும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். கயிறும் கிழங்கும் எங்களுக்குப் பிரச்சினையே இல்லை. இதை முதல்நாளே சொல்லி அனுப்பினால் எத்தனையோ பேர் வாசலில் நின்று கண்கலங்க வேண்டியிருக்காது.

அவ்வளவு பெரிய காந்தத்துக்குள் போனதும் எல்லாப் பம்பரமும் ஒரே திசையில் நிற்கும் என்றுதான் நானும் படிக்கிற காலத்தில் நினைத்தேன். இல்லை. உடம்புச் சூடு அவற்றை ஓயாமல் கலைத்துக்கொண்டே இருக்கிறது. காந்தத்தின் திசையில் நிற்பவை ஒரு கட்சி, எதிர்த்திசையில் நிற்பவை இன்னொரு கட்சி என்றால், 10 லட்சத்துக்குச் சுமார் 5 தான் முதல் கட்சிக்குக் கூடுதல். இரண்டு கட்சியும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டபின் மிஞ்சுகிற அந்த 5-ஐ வைத்துத்தான் படம் முழுக்க. கடுகளவு தண்ணீரிலேயே கோடானுகோடிக் கருக்கள் இருப்பதால்தான் இது நடக்கிறது.

பம்பரம் சாய்ந்து சுற்றும்போது தலையாட்டுமே, அதேபோல் இந்தக் கருக்களும் காந்தத்தின் திசையைச் சுற்றித் தலையாட்டுகின்றன. எத்தனை வேகம் என்பது காந்தத்தின் பலத்தைப் பொறுத்தது. 1 டெஸ்லாவுக்கு வினாடிக்கு 4 கோடியே 25 லட்சம் தடவைக்கும் மேல், அதாவது 42.58 மெகாஹெர்ட்ஸ். 1.5 டெஸ்லாவில் 64 மெகாஹெர்ட்ஸ். அண்ணனின் கடையில் நாள் முழுக்க எஃப்.எம். ஓடும். அது 88-க்கும் 108-க்கும் நடுவில்.

“அப்ப நம்ம உடம்பு ரேடியோ ஸ்டேசனா தம்பி?”

கிட்டத்தட்ட அப்படித்தான். வெளி ரேடியோ அலை உள்ளே நுழைந்து குழப்பக்கூடாது என்றுதான் ஸ்கேன் அறையின் சுவரெல்லாம் செப்புத் தகடு பதித்து மூடியிருக்கிறார்கள்.

ஊஞ்சலில் குழந்தையை வைத்துத் தள்ளுகிறோம். அது ஆடுகிற தாளத்துக்குச் சரியாகத் தள்ளினால் சின்ன விரல் அழுத்தத்திலேயே உயரப் போகும். தாளம் தப்பித் தள்ளினால் ஒன்றும் நடக்காது. அதேபோல் சரியாக 64 மெகாஹெர்ட்ஸில் ஒரு ரேடியோ தட்டு தட்டினால், நேராக நின்ற காந்தம் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். சாய்ந்ததும் தட்டுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறோம். சாய்ந்த நிலையில் சுழலும் காந்தங்கள் அதே 64-இல் மெல்லிய ரேடியோ சத்தம் போடும். முதுகுக்கு அடியில் வைக்கிறோமே ஒரு பலகை, அதுதான் அந்தச் சத்தத்தைப் பிடிக்கும் ஆன்டெனா. இதற்குப் பெயர் நியூக்ளியர் மேக்னடிக் ரெசனன்ஸ். அதில் ‘நியூக்ளியர்’ என்பது அணுக்கருவைக் குறிக்கிற சொல், அவ்வளவுதான். அணுகுண்டு நினைவு வந்து ஜனங்கள் மிரள்வார்கள் என்று ஆஸ்பத்திரிக்கு வரும்போது அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள்.

1946-இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இந்தச் சத்தத்தைக் கேட்டதாக அறிவித்தன. ஹார்வர்டில் எட்வர்ட் பர்செல் குழு பாரஃபின் மெழுகில் கேட்டது. ஸ்டான்ஃபோர்டில் ஃபீலிக்ஸ் பிளாக் குழு தண்ணீரில் கேட்டது. இருவருக்கும் 1952-இல் நோபல் பரிசு கிடைத்தது. எனக்கு இதில் பிடித்தது, அவர்கள் எடுத்துக்கொண்ட இரண்டு பொருள்கள். மெழுகும் கொழுப்பைப்போல நீண்ட ஹைட்ரஜன் சங்கிலிதான். இன்றைக்கும் ஒவ்வொரு ஃபிலிமிலும் நாம் பார்ப்பது பெரும்பாலும் அந்த இரண்டைத்தான், கொழுப்பையும் தண்ணீரையும்.

டீ வந்தது. அண்ணனுக்குச் சூடு ஆகாது. காலி வட்டா ஒன்று கேட்டு வாங்கி, பாதி டீயை அதில் ஊற்றினார். எனக்கு வேண்டிய உதாரணம் கண்முன்னே வந்துவிட்டது.

“அண்ணே, வட்டால இருக்கிற டீயும் கிளாஸ்ல இருக்கிற டீயும் ஒரே டீதானே? இப்பத் தொட்டா ரெண்டும் சூடு. மத்தியானம் வந்து தொட்டா ரெண்டும் ஆறிப் போயிருக்கும். எப்பத் தொட்டா ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியும்?”

“அஞ்சு நிமிசம் கழிச்சி.”

ஸ்கேன் படத்தின் கறுப்பு வெள்ளை முழுவதும் இந்த ஐந்து நிமிஷத்தில்தான் இருக்கிறது. தட்டிச் சாய்த்த காந்தம் மெல்ல மெல்ல மறுபடி நிமிர்ந்து பழைய நிலைக்குத் திரும்பும். கொழுப்பு சீக்கிரம் திரும்பும், வட்டா டீ மாதிரி. அதன் மூலக்கூறு நீளமானது, நிதானமாகப் புரளும். அந்தப் புரளல் வேகம் 64 மெகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் இருப்பதால், வாங்கிய ஆற்றலைச் சுற்றுப்புறத்துக்குச் சுலபமாகக் கைமாற்றிவிடும். சுதந்திரமான தண்ணீர் மூலக்கூறு மிக வேகமாகப் புரளும், தாளம் ஒட்டாது, ஆற்றலைக் கைமாற்றவும் நேரமாகும். இந்தத் திரும்பும் காலத்துக்கு டி1 என்று பெயர். கொழுப்புக்குச் சுமார் 250 மில்லிசெகண்ட், முதுகுத்தண்டைச் சுற்றியுள்ள நீருக்குச் சுமார் 4,000.

ஒரு படத்துக்கு ஒருமுறை தட்டினால் போதாது, திரும்பத் திரும்பத் தட்ட வேண்டும். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே 500 மில்லிசெகண்ட் மட்டும் விட்டால் என்ன ஆகும்? அதற்குள் கொழுப்பு 100-க்கு 86 பங்கு நிமிர்ந்திருக்கும். தண்ணீர் 12 பங்குதான் நிமிர்ந்திருக்கும். நிமிர்ந்ததைத்தானே மறுபடி சாய்க்க முடியும், சாய்ந்ததுதானே சத்தம் போடும். ஆகவே கொழுப்பு வெள்ளை, தண்ணீர் கறுப்பு. இதுதான் டி1 படம்.

இன்னொரு காலக் கணக்கு இருக்கிறது. அதற்கு டீ உதவாது, கும்மி உதவும். இருபது பெண்கள் வட்டமாக நின்று ஒன்றாகக் கை தட்டினால் தெருவே கேட்கும். கொஞ்ச நேரத்தில் ஒருத்தி முந்துவாள், ஒருத்தி பிந்துவாள். யாரும் தட்டுவதை நிறுத்தவில்லை, ஆனாலும் அந்த ஒற்றைப் பெரிய தட்டு கலைந்து சலசலப்பாகிவிடும். சாய்ந்த காந்தங்களுக்கும் இதே கதி. பக்கத்துக் கரு தருகிற சின்னக் காந்தத் தொந்தரவில் ஒவ்வொன்றும் கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும், மொத்தச் சத்தமும் அடங்கிவிடும். இந்தக் கலையும் காலம் டி2. நெருக்கமாக அடைபட்ட திசுக்களில் தாளம் உடனே கெடுகிறது. தசைக்குச் சுமார் 50 மில்லிசெகண்ட். சுதந்திரத் தண்ணீரில் மூலக்கூறுகள் படு வேகமாகப் புரள்வதால் ஒரு தொந்தரவு உறைப்பதற்குள் அடுத்தது வந்து அதைச் சமன் செய்துவிடும். அதன் தாளம் 2,000 மில்லிசெகண்ட் வரை நிற்கும்.

அப்படியானால் தட்டிய உடனே கேட்காமல் 100 மில்லிசெகண்ட் பொறுத்துக் கேட்போம். தசையின் சத்தத்தில் 100-க்கு 13 பங்குதான் மிஞ்சியிருக்கும். தண்ணீரில் 95 பங்கு அப்படியே இருக்கும். தண்ணீர் பளீர் வெள்ளை, தசை கறுப்பு. இது டி2 படம். காந்தத்தின் சொந்த மேடுபள்ளமும் தாளத்தைக் கெடுக்கும் என்பது உண்மை. இன்னொரு தட்டுத் தட்டி அந்தக் கேட்டை நேராக்கும் வித்தையை எர்வின் ஹான் 1950-இலேயே கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார்.

எலும்பின் ஓட்டில் இருக்கும் கொஞ்சநஞ்ச ஹைட்ரஜனும் இறுக்கமாகக் கட்டுண்டு கிடக்கிறது. ஒரு மில்லிசெகண்டுக்குள் அதன் சத்தம் செத்துவிடும், நாம் கேட்கத் தொடங்கும்போது ஒன்றுமிருக்காது. காற்றில் ஹைட்ரஜனே இல்லை என்று சொல்லலாம். ஆகவே இரண்டும் எந்தப் படத்திலும் கறுப்பு.

“சரி தம்பி, எல்லாம் சத்தம் போடுது. எந்தச் சத்தம் எங்கேருந்து வருதுன்னு எப்படித் தெரியும்?”

இந்தக் கேள்விதான் கால் நூற்றாண்டு காலம் நின்றுகொண்டிருந்தது. 64 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையின் நீளம் 4.7 மீட்டர். இந்தக் கடை அளவு நீளமான அலையை வைத்து ஒரு மில்லிமீட்டர் நரம்பைப் பார்ப்பது சாதாரண வழியில் நடக்காத காரியம். பால் லாட்டர்பர் என்ற அமெரிக்க வேதியியலாளர் 1971-இல் பிட்ஸ்பர்க் அருகே ஒரு ஹாம்பர்கர் கடையில் சாப்பிடும்போது இதற்கு வழி கண்டார். காந்தப்புலத்தை வேண்டுமென்றே சரிவாக்கு. ஒரு பக்கம் கொஞ்சம் பலம் குறைவு, மறுபக்கம் கொஞ்சம் கூடுதல். தலையாட்டும் வேகம் காந்த பலத்தைப் பொறுத்தது அல்லவா? இப்போது இடது பக்கத்துத் தண்ணீர் தாழ்ந்த சுருதியில் பாடும், வலது பக்கத்துத் தண்ணீர் உயர்ந்த சுருதியில் பாடும். உடம்பே ஆர்மோனியப் பெட்டியாகிவிடும். எந்தக் கட்டை ஒலிக்கிறது என்று தெரிந்தால் எந்த இடம் என்று தெரிந்துவிடும். கலந்து வரும் ஒலியைச் சுருதி சுருதியாகப் பிரிப்பது கம்ப்யூட்டரின் வேலை.

அவர் முதலில் எடுத்த படம் மெல்லிய இரண்டு கண்ணாடிக் குழாய்களில் அடைத்த தண்ணீர்தான். கட்டுரையை ‘நேச்சர்’ பத்திரிகை முதலில் திருப்பி அனுப்பிவிட்டது, பிறகு 1973-இல் வெளியிட்டது. ரேடியோ அலையையும் சரிவான காந்தப்புலத்தையும் சேர்த்துப் பூட்டும் முறை என்பதால், கிரேக்க மொழியில் நுகத்தடி என்று பொருள்படும் ஒரு சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வைத்தார். இரண்டு மாட்டை ஒரு நுகத்தில் பூட்டிய படம் மனசுக்கு வந்தால் இந்த வித்தை மறக்காது. 2003-இல் அவருக்கும், படமெடுப்பதை வேகமாக்கிய இங்கிலாந்தின் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் நோபல் பரிசு வந்தது.

உள்ளே படுத்தால் கேட்கும் அந்தக் கடகடச் சத்தம் இந்தச் சரிவினால்தான். சரிவு உண்டாக்கும் கம்பிச் சுருள்களில் மின்சாரத்தை நொடிக்குப் பலமுறை போட்டுப் போட்டு நிறுத்துகிறோம். பெரிய காந்தத்துக்குள் அந்தச் சுருள்கள் ஒவ்வொரு முறையும் உதறிக்கொள்கின்றன. சத்தத்துக்குப் பயந்து பாதியில் எழுந்து வந்தவர்கள் உண்டு. இந்த விவரத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெரும்பாலானவர்கள் அமைதியாகப் படுத்திருக்கிறார்கள். என் அனுபவம் இது.

அண்ணனின் டீ ஆறி அவர் குடித்தும் முடித்திருந்தார். ஃபிலிமைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

படத்தில் எங்கேயாவது டி1, டி2 என்று எழுதியிருக்கும், ஆனால் தேடிக் கண்டுபிடிப்பது சிரமம். சுலபமான வழி, முதுகெலும்புக்குப் பின்னால் மேலிருந்து கீழே ஓடும் பட்டையைப் பார்ப்பது. அதுதான் முதுகுத்தண்டைச் சுற்றியிருக்கும் நீர். பட்டை வெள்ளையாக இருந்தால் டி2, கறுப்பாக இருந்தால் டி1. அண்ணன் பார்த்துப் பயந்தது டி2 ஃபிலிம். வெள்ளைப் பட்டைக்குள் மெல்லிய கறுப்பு நூல்கள் கீழே இறங்கின. அவை காலுக்குப் போகும் நரம்புகள். குதிரைவால் என்றே மருத்துவத்தில் அதற்குப் பெயர்.

டிஸ்க்குகளைக் காட்டினேன். மேலே இருந்தவற்றின் நடுவில் வெளுப்பாக ஒரு பொதி தெரிந்தது. டிஸ்க்கின் நடுப்பகுதி தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும் பசை. இளம் வயதில் அதில் 80 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர்தான். வயது ஏற ஏறத் தண்ணீர் குறையும், டி2 படத்தில் டிஸ்க் கறுக்கும். அண்ணனின் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவே இருந்த டிஸ்க் கறுத்திருந்தது. முகம் சுருங்கியது அவருக்கு.

இதையும் சொன்னேன். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. வலியில்லாத 20 வயதுக்காரர்களில் 37 சதவீதத்தினருக்கும், 50 வயதில் 80 சதவீதத்தினருக்கும், 80 வயதில் 96 சதவீதத்தினருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரிந்திருக்கிறது. கறுத்த டிஸ்க் இருப்பதாலேயே வலி அதிலிருந்துதான் வருகிறது என்று சொல்லிவிட முடியாது. எங்கே வலிக்கிறது, கால் மரத்துப் போகிறதா, குனிந்தால் என்ன ஆகிறது என்று தொட்டுப் பார்த்துக் கேட்கிற டாக்டர்தான் படத்தையும் வலியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வெறும் ஃபிலிமை வைத்துக்கொண்டு ஆபரேஷனைப் பற்றிப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

“அந்தப் புள்ளி?”

அதற்குமுன் ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டியிருந்தது. இன்றைய வேகமான டி2 முறையில் கொழுப்பும் வெள்ளையாகவே விழும். தண்ணீரும் வெள்ளை, கொழுப்பும் வெள்ளை. வீக்கத்தில் தண்ணீர் கூடும், கட்டியிலும் பெரும்பாலும் கூடும். ஆகவே டி2-வில் மட்டும் பார்த்தால் அந்தப் புள்ளி எதுவாகவும் இருக்கலாம். அண்ணன் வாரம் முழுக்க இந்த ஒரே ஃபிலிமைத்தான் ஜன்னலில் வைத்துப் பார்த்திருக்கிறார்.

கவரிலிருந்து இன்னொன்றை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். வெயில் ஏறியிருந்தது. தூக்கிப் பிடித்தார். முதலில் பட்டையைத் தேடினார்.

“பட்டை கறுப்பு. இது டி1.”

“ஆமாண்ணே.”

விரலால் எலும்பை எண்ணினார். புளியங்கொட்டை அங்கேயும் வெள்ளையாகவே இருந்தது. ரொம்ப நேரம் பார்த்தார்.

“தண்ணியா இருந்தா இதுல கறுப்பா வந்திருக்கணும்.”

“ஆமா.”

“அப்ப இது கொழுப்பா?”

கொழுப்பும், அதோடு பின்னிய சின்ன ரத்தக்குழாய்களும். டி1-இல் வெள்ளையாக வருவது கொழுப்பு மட்டுமல்ல. பழைய ரத்தக்கசிவு வரலாம், கெட்டியான புரதம் வரலாம், ஊசியில் ஏற்றும் கடோலினியம் மருந்து போய்ச் சேர்ந்த இடமும் வரலாம். அதனால்தான் டாக்டர் ஓரத்தைப் பார்க்கிறார், வடிவத்தைப் பார்க்கிறார், கொழுப்பின் சத்தத்தை அடக்கி எடுக்கும் மூன்றாவது படத்தையும் பார்க்கிறார். எலும்பைக் குறுக்கே வெட்டினாற்போல் எடுத்த ஃபிலிமைக் காட்டினேன். வெள்ளைக்குள் கேழ்வரகு தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள். அந்த இடத்தில் தடித்துப்போய் நிற்கும் எலும்புத் தூண்களை உச்சியிலிருந்து பார்க்கும் தோற்றம் அது. ஹீமாஞ்சியோமாவின் அடையாளமே இந்தக் கறுப்புப் புள்ளிகள்தான். பத்தில் ஒருவருக்கு முதுகெலும்பில் இது இருக்கும். பெரும்பாலானவர்கள் இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிப்பார்கள். வேறு இடத்திலிருந்து பரவி வரும் புற்றுநோய் எலும்புக்குள் புகுந்தால் அங்கிருக்கும் கொழுப்பை விரட்டிவிட்டு உட்காரும், டி1-இல் பெரும்பாலும் கறுப்பாகத்தான் தெரியும்.

அண்ணன் இரண்டு ஃபிலிமையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளாஸ் எடுக்க வந்த டீ மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

“என்னண்ணே அது, நடுவுல நீளமா வெள்ளையா?”

“இருப்பா,” என்றார் அண்ணன். “மொதல்ல இந்தப் பட்டையப் பாத்துக்க. இங்க வெள்ளையா இருக்கா? அதே பட்டை அங்க கறுப்பா இருக்கா? ரெண்டும் ஒரே தண்ணிதான்.”